உலகின் எழில்மிகு பாறையேற்றத் தலங்கள்: ஏறுபவரின் கண்ணுக்குக் கிடைப்பது என்ன?

வழிதேடி எழுதியது:

உள்ளரங்கச் சுவர்களில் பழகி, போல்ட் (பாறையில் பதித்த உலோகக் காப்பு) அடித்த வெளிப்பாறைகளில் லீட் ஏறும், அதாவது கயிற்றை நானே போல்ட்களில் மாட்டிக்கொண்டு முன்னால் ஏறும் அளவுக்கு வந்திருக்கிறேன். இனி ஏறுவதற்கென்றே ஒரு தொலைதூரப் பயணம் மேற்கொள்ள வேண்டும் என்று நானும் என் கயிற்றுத் துணைவரும் எண்ணியிருக்கிறோம். "உலகின் மிக அழகான பாறையேற்றத் தலங்கள்" என்று வரும் பட்டியல்கள் ஏறக்குறைய ஒரே படங்களையே காட்டுகின்றன: அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் உள்ள எல் காப்பிட்டான், இத்தாலியின் டோலமைட் மலைகளின் மூன்று சிகரங்கள், தாய்லாந்தின் ராய்லே கடற்கரை. அவற்றில் பெரும்பாலானவை கீழே நின்றோ வானிலிருந்தோ எடுக்கப்பட்டவை. பாறையில் இருப்பவருக்கு அந்த அழகில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை அவற்றிலிருந்து அறிய முடியவில்லை. ஏற்றமும் காட்சியும் ஒன்றாக அமையும் இடங்கள் எவை, அவற்றுக்கு எந்தப் பருவத்தில் செல்ல வேண்டும் என்பதை அங்கெல்லாம் ஏறியவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கருங்கல்நேசர் எழுதியது:

ஏறும்போது முகத்துக்கு எதிரே இருப்பது ஒரு முழ அகலப் பாறைதான். காட்சி முழுவதும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே, திரும்பி நின்று பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதை வைத்தே ஒரு தலத்தின் அழகை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. ஒற்றைக் கயிற்றளவுப் பாதையில் (ஒரே கயிற்று நீளத்தில் முடிந்துவிடும் பாதையில்), கயிறு மாட்டும் உச்சி நங்கூரத்தைத் தொட்டதும் உங்களைக் கீழே இறக்கிவிடுவார்கள். பல கயிற்றளவுகள் கொண்ட நீண்ட பாதையிலோ, ஒவ்வொரு கயிற்றளவின் முடிவிலும் சுவரில் துருத்திய ஒரு திட்டில் நின்று, துணைவர் வந்து சேரும்வரை பெலே கொடுத்துக்கொண்டு, அதாவது அவருடைய கயிற்றைப் பிடித்துக் காத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில்தான் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கிறது.

யோசெமிட்டியை நான் முதலிடத்தில் வைப்பது இதனால்தான். எல் காப்பிட்டானின் முகப்பு ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அதன் 'நோஸ்' பாதையை வாரன் ஹார்டிங், வெய்ன் மெரி, ஜார்ஜ் விட்மோர் ஆகிய மூவரும் 1958 நவம்பரில் முடித்தபோது, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் பல கட்டங்களாகப் பரவிய 45 நாள் உழைப்பு அதற்குத் தேவைப்பட்டிருந்தது. 1993இல் லின் ஹில், கருவிகளைப் பிடித்து ஏறாமல், கைகளையும் கால்களையும் மட்டும் நம்பி அந்தப் பாதை முழுவதையும் ஏறினார்; அதற்கு முன் எவரும் அதைச் செய்திருக்கவில்லை. இன்று பெரும்பாலான அணிகள் சில நாட்களில் முடித்துவிடுகின்றன என்றாலும், இடையில் வரும் இரவுகளைத் திட்டுகளிலோ தொங்கு கட்டில்களிலோதான் கழிக்க வேண்டும். அதற்கு 2021 முதல் பூங்கா நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டும் தேவை.

உங்கள் நிலையில் எல் காப்பிட்டான் இலக்காக வேண்டியதில்லை. அதே பூங்காவின் உயர்பகுதியான டுவலமி மெடோஸ் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கதீட்ரல் பீக் சிகரத்தின் தென்கிழக்கு முகப்புப் பாதை கடினத்தில் 5.6 (அமெரிக்க அளவுகோலில் எளிய தரம்) மட்டுமே, ஆனால் உச்சியில் ஒரு மேசையளவு இடத்தில் நின்றுகொண்டு, ஏரிகளையும் வெண்பாறைக் குவிமாடங்களையும் நான்கு திசைகளிலும் காணலாம். இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் 1869இலேயே அந்தச் சிகரத்தில் ஏறியிருக்கிறார். விரிசல்களில் கேம், நட் ஆகிய காப்புக் கருவிகளை நீங்களே பொருத்தி ஏறவேண்டிய பாதை அது. அந்தப் பயிற்சி இல்லாமல் போகக் கூடாது. பனிக்காலத்தில் அங்குச் செல்லும் சாலை மூடப்பட்டுவிடும், கோடைதான் பருவம்.

நிலவியல்மாணவி எழுதியது:

கருங்கல்நேசர் சொல்வதற்கு ஒரு காரணத்தைச் சேர்க்க விரும்புகிறேன். நாம் அழகு என்று கண்டு நிற்பதும், ஏறுவதற்குப் பிடிப்பாகக் கொள்வதும் ஒரே நிகழ்வின் இரண்டு விளைவுகள். யோசெமிட்டியின் கிரானைட் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் மெல்ல இறுகியது. மேலிருந்த பாறைச் சுமை அரித்துச் செல்லப்பட்டபின், அழுத்தம் குறைந்து அது அடுக்கடுக்காக உரிந்தது. பனியாறுகள் பக்கங்களைச் செதுக்கிச் சென்றன. குவிமாடங்கள் அவ்வளவு வழுவழுப்பாக இருப்பதும், கை நுழையும் விரிசல்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் நேராக ஓடுவதும் இதனால்தான்.

டோலமைட் மலைகளின் கதை வேறு. ட்ரயாசிக் காலத்தின் (20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய) வெதுவெதுப்பான கடலில் உயிரினங்கள் கட்டியெழுப்பிய கடலடி மேடுகளும், அவற்றைச் சுற்றிப் படிந்த சுண்ணாம்புப் படிவுகளும் பின்னர் மெக்னீசியம் ஏறி டோலமைட்டாக மாறி, ஆல்ப்ஸ் எழுந்தபோது மேலே தூக்கப்பட்டன. படுக்கைவாட்டில் அமைந்த அடுக்குகள் இடையிடையே திட்டுகளை விடுவதால், செங்குத்தான சுவரிலும் நின்று பார்க்க இடம் கிடைக்கிறது. வெளிறிய அந்தப் பாறை மாலை வெயிலில் இளஞ்சிவப்பாகவும் பின்பு ஊதாவாகவும் மாறுவதைப் பள்ளத்தாக்கில் இருப்பவர்களும் பார்க்கிறார்கள். ஆனால் சுவரில் இருப்பவருக்குத் தன் கைக்கு அடியிலேயே நிறம் மாறுகிறது. 2009இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அங்குள்ள மூன்று சிகரங்களில் உயரமானதும், 2,999 மீட்டர் உயரம் கொண்டதுமான சீமா கிராண்டேயின் வடமுகப்பை 1933இல் எமிலியோ கோமிச்சியும் டிமாய் சகோதரர்களும் முதலில் ஏறினார்கள். அதன் கீழ்ப்பகுதி முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஒரு கல் தவறி விழுந்தால் சுவரைத் தொடாமல் நேரே கீழே போகும். உடையக்கூடிய பாறை அங்குப் பரவலாக உண்டு. கோடைப் பிற்பகல்களில் இடிமழையும் வரும். அதிகாலையில் தொடங்கி நண்பகலுக்குள் உச்சியை அடைவதே அங்குள்ள வழக்கம்.

கடலோரப்பாறை எழுதியது:

நீண்ட பாதைகளில்தான் காட்சி கிடைக்கும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. கிரேக்கத்தின் காலிம்னோஸ் தீவுக்குச் சென்று பாருங்கள். 'கிராண்டே குரோட்டா' என்னும் பெருங்குகையின் கூரையிலிருந்து யானைத் துதிக்கைகளைப் போலச் சுண்ணாம்புத் தூண்கள் தொங்குகின்றன; டூஃபா என்று அழைக்கப்படும் அவற்றைக் கைகளாலும் முழங்கால்களாலும் அணைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அவ்வளவு சாய்ந்த பாறையிலிருந்து உங்களை இறக்கும்போது, சுவர் எட்டாத தொலைவுக்குப் போய்விடுகிறது. நீங்கள் கயிற்றில் மெல்லச் சுழன்றுகொண்டே வருவீர்கள். ஏஜியன் கடலும், எதிரே நிற்கும் டெலென்டோஸ் தீவும் ஒவ்வொரு சுற்றிலும் கண்முன் வந்து போகும். ஒற்றைக் கயிற்றளவுப் பாதையில், இறங்கும் நேரமே பார்க்கும் நேரம்.

பல தலைமுறைகளாகக் கடற்பஞ்சு எடுப்போரின் தீவாக இருந்த காலிம்னோசுக்கு 1990களின் நடுப்பகுதியில் விடுமுறைக்கு வந்த இத்தாலிய ஏறுநர் ஆண்ட்ரேயா தி பாரி, அந்தச் சுவர்களைக் கண்டு, பின்னர் திரும்பி வந்து முதல் பாதைகளை அமைத்தார். இன்று அங்கே ஆயிரக்கணக்கான பாதைகள் உள்ளன. தொடக்கநிலையில் இருப்பவருக்கும் உயர்நிலையில் இருப்பவருக்கும் ஒரே சுவரில் அடுத்தடுத்து இடம் இருக்கிறது என்பதுதான் அந்தத் தீவை நான் பரிந்துரைப்பதற்கான முதன்மைக் காரணம். இளவேனிலும் இலையுதிர்காலமும் சிறந்தவை. கோடையில் நிழல் விழும் சுவர்களைத் தேடித்தான் ஏற முடியும்.

வழிதேடி எழுதியது:

இறங்கும்போதே பார்க்கிறோம் என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அப்படியானால் ராய்லேயும் இதே வகையைச் சேர்ந்ததுதானே? அங்குள்ள போல்ட்கள் துருப்பிடித்து உடைகின்றன என்று படித்ததால் சற்றுத் தயக்கமாக இருக்கிறது.

கடலோரப்பாறை எழுதியது:

தயக்கம் நியாயமானதே. ராய்லே ஒரு தீபகற்பம்தான். ஆனால் பின்னால் சுண்ணாம்புக் குன்றுகள் மறித்து நிற்பதால் படகில்தான் போக முடியும். பாதைகள் மணற்பரப்பிலிருந்தே தொடங்குகின்றன. சில சுவர்களின் அடிவாரத்துக்கு அலை வற்றும் நேரத்தில் மட்டுமே நடந்து போகலாம். உப்புக்காற்று, வெப்பம், பாறையில் ஊறிவரும் நீர் ஆகியவை சேர்ந்து துருப்பிடிக்காத எஃகு எனப்படுவதிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களை உண்டாக்குகின்றன. வெளியே பளபளப்பாகத் தெரியும் போல்ட் ஒன்று உடல் எடையிலேயே முறிந்துவிடலாம் என்பதுதான் இதன் ஆபத்து. ஆகவே, பசையிட்டுப் பதிக்கும் டைட்டானியம் போல்ட்களைக் கொண்டு பழைய பாதைகளைப் பல ஆண்டுகளாகப் புதுப்பித்து வருகிறார்கள். எந்தப் பாதையில் டைட்டானியம் இருக்கிறது என்பதை அண்மைக் காலப் பாதைக் கையேட்டில் பார்த்து, அந்தப் பாதைகளில் மட்டும் ஏறுங்கள். மழை ஓய்ந்தபின், நவம்பர் முதல் ஏப்ரல் வரை செல்லுங்கள்.

கடலும் பாறையும் இதைவிட நெருங்கி வரும் இடம் ஸ்பெயினின் மயோர்க்கா தீவு. அங்கே கயிறே இல்லை. விழுந்தால் கடலில் விழ வேண்டும். கடலுக்குள் தனித்து நிற்கும் 'எஸ் பொந்தாஸ்' பாறை வளைவின் அடிப்பக்கத்தில் கிறிஸ் ஷர்மா 2006இல் ஏறியபின் அந்த வகை ஏற்றம் உலகெங்கும் அறியப்பட்டது. அது நீச்சலில் தேர்ந்தவர்களுக்கானது. நீரின் ஆழத்தையும் அலையின் போக்கையும் அறிந்தவர் ஒருவர் உடன் இருந்தாலன்றி முயலக் கூடாது.

மணற்கல்வழி எழுதியது:

இதுவரை எவரும் மணற்கல்லைப் பற்றிப் பேசவில்லை. ஜெர்மனியின் எல்பே ஆற்றங்கரையில், டிரெஸ்டனுக்கு அருகே உள்ள சாக்சனி மணற்கல் கோபுரங்களில்தான் கருவிகளைச் சாராத தூய ஏற்றம் ஒரு நெறியாகவே உருவாகத் தொடங்கியது. ஆற்று மூடுபனிக்கு மேலே தனித்தனித் தூண்களாக எழுந்து நிற்கும் அந்தப் பாறைகளின் உச்சியில், வந்தவர்கள் பெயர் எழுதிச் செல்லும் குறிப்பேடுகளை வைத்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருடால்ஃப் ஃபேர்மான் வகுத்த விதிகளின் சாரம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உள்ளங்கையில் வெண்பொடி பூசக் கூடாது. விரிசல்களில் உலோகக் கருவிகளைச் செருகக் கூடாது. முடிச்சிட்ட கயிற்று வளையங்களையே காப்பாகச் செருக வேண்டும். பாதையிலுள்ள இரும்பு வளையங்கள் மிகத் தொலைவில் ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும். ஈரப் பாறையில் ஏறவே கூடாது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை கடுமையாகத் தோன்றலாம். ஆனால் மணற்கல் என்பது மணல் துகள்களை ஒட்டவைத்திருக்கும் ஒரு மெல்லிய பிணைப்பு. நீர் புகுந்தால் அந்தப் பிணைப்பு தளர்ந்து பாறையின் வலிமை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மேற்பரப்பு காய்ந்த பின்னும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். ஃபேர்மானும் ஆலிவர் பெர்ரி ஸ்மித்தும் 1905இல் முதன்முதலாக ஏறிய 'பார்பரீனே' என்னும் ஒல்லியான தூண், அரிப்பினால் நலிந்துபோனதால் 1975 முதல் அதில் ஏறுவது தடைசெய்யப்பட்டுள்ளது. ஏறுநர்கள் தொலைவில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள இந்தியன் கிரீக்கிலும் மழைக்குப் பின் குறைந்தது ஒரு நாளாவது, பெருமழை என்றால் இன்னும் கூடுதலாகவும் காத்திருக்க வேண்டும். செந்நிறச் சுவரில் அடியிலிருந்து முடிவரை ஒரே அகலத்தில் ஓடும் அந்த விரிசல்கள் கையை முறுக்கிச் செருகும் கலையைக் கற்றவருக்கு மட்டுமே வழிவிடும்.

அழகு என்று மட்டும் கேட்டால், நான் ஜோர்டானின் வாடி ரம்மைச் சொல்வேன். வேற்றுநாட்டு ஏறுநர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, மலையாடுகளை வேட்டையாடிய பெதூயின் மக்கள் கயிறின்றி அந்தச் சுவர்களுக்கு இடையே வழி கண்டு உச்சிக்குப் போய் வந்திருக்கிறார்கள். 1984இல் டோனி ஹோவர்டும் அவருடைய துணைவர்களும் அங்குச் சென்று, அந்த மக்களின் வழிகளைக் கேட்டறிந்து பதிவு செய்தார்கள். 1,734 மீட்டர் உயரமுள்ள ஜெபல் ரம்மின் உச்சிப் பகுதி, மணற்கல் குவிமாடங்களும் ஓடைப் பிளவுகளும் கொண்ட ஒரு தனி நிலம். வழி தவறுவது எளிது. உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் சென்றால்தான் அந்த வழிகளின் நுட்பம் புரியும்.

பொதுநிலம் எழுதியது:

பார்பரீனேயைக் குறிப்பிட்டதற்கு நன்றி. மிக அழகான பாறைகள் பலவும் வேறு எவருக்கோ புனிதமானவை என்பதையும் இங்கே பேச வேண்டும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள டெவில்ஸ் டவர் என்னும் குன்றின் நெடிய தூண்களுக்கு இடையிலான விரிசல்கள் உலகத் தரமானவை. ஆனால் அந்தக் குன்று லகோட்டா உள்ளிட்ட பல பூர்வகுடி மக்களின் வழிபாட்டிடம். அவர்களுடைய சடங்குகள் பெரிதும் நடைபெறும் ஜூன் மாதத்தில் ஏறுவதைத் தாமாகவே தவிர்க்குமாறு பூங்கா நிர்வாகம் 1995 முதல் கேட்டுக்கொண்டு வருகிறது. டெக்சசின் ஹூயெக்கோ டாங்க்சில் பழங்கால ஓவியங்களைக் காக்க, வழிகாட்டி இல்லாமல் நுழைவோர் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் காரிவெர்ட் மலைகளிலும் பூர்வகுடியினரின் பாறை ஓவியங்களைக் காப்பதற்காக 2019இல் பல சுவர்கள் ஏறுநர்களுக்கு மூடப்பட்டன. கிரேக்கத்தின் மெட்டியோராவில் கூழாங்கற்கள் பதிந்த கோபுரங்களில் ஏறலாம்; துறவியர் வாழும் மடங்கள் அமைந்த கோபுரங்களில் ஏறக் கூடாது.

கருங்கல்நேசர் எழுதியது:

டெவில்ஸ் டவரைப் பற்றி ஒரு மாறுபட்ட கருத்து. அது தடை அல்ல, வேண்டுகோள். ஜூனில் ஏறுபவர் சட்டத்தை மீறுவதில்லை. பொது நிலத்தில் ஒரு சமயத்தின் நம்பிக்கைக்காக மற்றவர்களைத் தடுக்க இயலாது என்பதால்தான் அரசும் அதை வேண்டுகோளாகவே வைத்திருக்கிறது. நான் ஜூனில் செல்ல மாட்டேன். ஆனால் செல்பவரைக் குற்றவாளியாகக் காட்டுவது சரியாகாது.

பொதுநிலம் எழுதியது:

குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேண்டுகோளாக வைக்கப்பட்டது என்பதாலேயே அதன் பொறுப்பு நம்மீது கூடுதலாக விழுகிறது. தடை என்றால் காவலர் பார்த்துக்கொள்வார்; வேண்டுகோள் என்றால் ஏறுநர் சமூகமே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆண்டில் மற்ற பதினொரு மாதங்களும் அந்தப் பாறை நமக்குத் திறந்தே இருக்கிறது. யோசெமிட்டியில் பெரெக்ரின் வல்லூறுகள் கூடு கட்டும் மாதங்களில் சில சுவர்கள் மூடப்படும்போது ஒருவரும் முணுமுணுப்பதில்லை. பறவைக்குக் காட்டும் மரியாதையை மனிதரின் வழிபாட்டுக்கும் காட்டலாம் என்றுதான் கேட்கிறேன்.

கருங்கல்நேசர் எழுதியது:

வல்லூறுகளின் ஒப்பீடு என்னைச் சிந்திக்க வைக்கிறது. ஜூனில் செல்ல வேண்டாம் என்று என் அணியில் உள்ளவர்களிடமும் இனிச் சொல்வேன். சட்டத்தால் தடுக்கக் கூடாது என்ற கருத்தில் மட்டும் மாற்றமில்லை.

வழிதேடி கேட்ட பருவத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நேரமே எல்லை இல்லாமல் ஏற வேண்டும் என்றால் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்குச் செல்லுங்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருப்பதால், மே இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை அங்குச் சூரியன் மறைவதில்லை. இருட்டிவிடுமோ என்ற அச்சம் இல்லாததால், மழை நின்ற பின் நள்ளிரவிலும் ஏறத் தொடங்கலாம். கடலிலிருந்து நேரே எழும் அந்தச் சுவர்களில் 'பிரெஸ்டன்' மிகப் புகழ்பெற்றது. சுவோல்வார் நகருக்கு மேலே இரட்டைக் கொம்புகளுடன் நிற்கும் 'ஆடு' என்னும் பாறையில் 1910இல் மூவர் முதன்முதலில் ஏறினார்கள். ஒரு கொம்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது அங்கே ஒரு மரபாகிவிட்டது. கீழே நகரின் கல்லறைத் தோட்டம் தெரியும். மழை அங்கே அடிக்கடி வரும். பயணத் திட்டத்தில் சும்மா இருக்கும் நாட்களுக்கும் இடம் விடுங்கள்.

பள்ளத்தாக்கு எழுதியது:

பிரான்சின் வெர்டோன் பள்ளத்தாக்கை ஒருவரும் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. மற்ற இடங்களில் கீழிருந்து மேலே போகிறோம். இங்கே பெரும்பாலும் சாலையோர விளிம்பிலிருந்து கயிற்றில் இறங்கி, பிறகு ஏறித்தான் வெளியே வர வேண்டும். முதல் அடியிலேயே, பச்சை கலந்த நீல நிறத்தில் ஓடும் ஆற்றுக்கு மேல் சில நூறு மீட்டர் வெறுவெளி காலடியில் இருக்கும். உயரத்துக்கு மெல்லப் பழகிக்கொள்ளும் வாய்ப்பே இல்லை. 1968இல் 'லா டெமாண்ட்' பாதை அடியிலிருந்து முடிவரை ஏறப்பட்டதிலிருந்து, சாம்பல் நிறச் சுண்ணாம்புச் சுவரில் நீர் அரித்த சிறு குழிகளைப் பிடித்து ஏறும் நுட்பத்துக்கு அந்த இடம் பெயர்பெற்றது. 1999 முதல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட கிரிஃபன் கழுகுகள் இப்போது அங்கே பெருகியுள்ளன. பெலே நிற்கும் இடத்துக்குக் கீழே அவை வட்டமிடுவதால், பறக்கும் பறவையின் முதுகை மேலிருந்து பார்க்கலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இறங்கியபின் ஏற முடியாமல் போனால் வெளியேறுவது மிகக் கடினம். கயிற்றில் தானே மேலேறும் முறையையும், நங்கூரங்களை அடையாளம் காண்பதையும் பயின்றிருக்க வேண்டும். உங்கள் வழக்கமான தரத்துக்கு இரண்டு படி கீழான பாதையையே முதலில் தேர்ந்தெடுங்கள்.

வழிதேடி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. எங்களிடம் விரிசல் கருவிகளும் இல்லை, அவற்றைப் பொருத்தும் பயிற்சியும் இல்லை. ஆகவே அவை தேவைப்படும் யோசெமிட்டியையும் லோஃபோட்டனையும் பயிற்சிக்குப் பிறகு என்று ஒத்திவைக்கிறோம். அக்டோபரில் காலிம்னோஸ் செல்கிறோம். கருங்கல்நேசர் சொன்ன, திட்டில் நின்று பார்க்கும் நேரமும் எங்களுக்கு வேண்டும் என்பதால், போல்ட் அடித்த நீண்ட பாதை ஒன்றையும் முயல விரும்புகிறோம். அந்தத் தீவில் அதற்கு வாய்ப்பு உண்டா? 60 மீட்டர் கயிறு போதுமா? தென் அமெரிக்காவில் படகோனியாவின் ஃபிட்ஸ் ராய் சிகரமும் நெடுநாள் கனவு. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கருங்கல்நேசர் எழுதியது:

ஃபிட்ஸ் ராய் 3,405 மீட்டர் உயரம் என்றாலும், அங்கே எதிரி உயரம் அன்று, காற்றும் பனியும்தான். நல்ல வானிலை சில மணி நேரமே நீடிக்கும். அதற்காக வாரக்கணக்கில் எல் சால்டன் ஊரில் காத்திருப்பார்கள். பனி ஏற்றத்திலும் தேர்ச்சி வேண்டும். அடிவார ஏரி வரை நடந்து சென்று பார்க்க எந்தத் தகுதியும் தேவையில்லை. அதை முதலில் செய்யுங்கள்.

கடலோரப்பாறை எழுதியது:

காலிம்னோசில் 60 மீட்டர் கயிறு போதாது. இறக்குவதற்குப் பாதையின் நீளத்தைப்போல் இரு மடங்கு கயிறு வேண்டும், 35 மீட்டரையும் தாண்டும் பாதைகள் அங்கு நிறைய உள்ளன. 80 மீட்டர் கயிறு எடுத்துச் செல்லுங்கள், 70 என்பது குறைந்தபட்சம். நீண்ட பாதைகள் எதிரே உள்ள டெலென்டோசில் இருக்கின்றன. மிர்ட்டியஸ் துறையிலிருந்து சிறு படகில் சில நிமிடங்களில் சென்றுவிடலாம். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட பாதைகளில் தளர்ந்த கற்கள் உண்டு. மேய்ந்துகொண்டிருக்கும் ஆடுகளும் மேலிருந்து கற்களை உருட்டிவிடும். ஏறுபவரும் கீழே நிற்பவரும் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. கயிறு எவ்வளவு நீளமாக இருந்தாலும், இறக்கத் தொடங்கும் முன் அதன் மறுமுனையில் முடிச்சு இருக்கிறதா என்று இருவரும் பாருங்கள். அங்கே பாதைகளின் நீளம் கண்ணை ஏமாற்றும்.